ராக்கெட்டில் ஒரு ‘ஏனுங்க’

அம்மாவின் தம்பியான என் மாமா, கோயம்புத்தூர் கேபிள் சேனல் ஒன்றுக்கு விண்வெளித் தொடர் எழுதிக்கொண்டிருந்தார். கருமத்தம்பட்டியில் மூடிக்கிடந்த ஒரு தறிக்குடோன்தான் ராக்கெட். கேப்டன் தலையில் இருந்தது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணத்துக்கடவில் எங்கள் வீடு நிறைய சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாமாவும் அவருடைய சிநேகிதரும் ஒரே பைக்கில் வந்துவிடுவார்கள். தொடருக்குக் கேமரா பிடிப்பவர் அந்தச் சிநேகிதர்தான். எனக்கு அவர் கேமரா மாமா.

ராக்கெட்டில் ஓர் இஞ்சினியர் உண்டு. நாலு பேர் முன்னால் கேப்டனை ‘சார்’ என்பான். இருவர் மட்டும் இருக்கும்போது ‘ஏனுங்க’ என்பான். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பஸ் கண்டக்டரையே ஏனுங்க என்று கூப்பிடும் ஊர் எங்களுடையது. ஆனால் எல்லா ஏனுங்கவும் ஒன்றல்ல. அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது கடைசியில் குரல் இறங்கி ஓர் இழுப்பு வரும். இஞ்சினியரும் அப்படித்தான் இழுத்தான்.

எனக்கு ஒன்பது வயது. வாய் மட்டும் கிழவி வாய். ஒரு ஞாயிறு சத்தமாகச் சொன்னேன்: “மாமா, இஞ்சினியர் பேசறது தப்புங்க. அம்மா அப்பாவக் கூப்பிடற மாதிரி இழுக்கறாரு!”

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பு தந்த தெம்பில், “கேமரா மாமாவும் தோப்புல உங்கள அப்படித்தானுங்க கூப்பிட்டாரு” என்றேன்.

பெரியப்பா எழுந்து டிவியை அணைத்தார். அம்மா என் தொடையில் கிள்ளி, “வாய மூடிட்டு உள்ள போ அம்மணி” என்றாள். கேமரா மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் “வாரேனுங்க” என்றார். பைக் வாசலிலேயே நிற்க, பஸ்ஸுக்கு நடந்து போனார். மாமா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

நான் சமையலறையில் நின்று அழுதேன். மாமா எழுதியதில் நாலு பேர் முன்னால் குற்றம் சொன்னதுதான் என் தப்பு என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிறு மாமா தனியாக வந்தார். தொடரில் இஞ்சினியரும் கேப்டனும் மட்டும் நிலாவில் நின்றார்கள். “சார்” என்றான் இஞ்சினியர்.

“நாஞ் சொன்னதத் திருத்திட்டீங்களா மாமா?”

“திருத்திப்போட்டேன் கண்ணு.”

மாமாவே என் பேச்சைக் கேட்டுவிட்டார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.