சுமித்ரக்காவின் மரியாதை வாரம்

விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே சுமித்ரக்கா திட்டுவார். அதனால் ஒவ்வொரு வசவுக்கும் நடுவில் ஒரு கீச்சுச் சத்தம் வரும். "ஓடாதேடீ மகராசி, கீச், வழுக்கி விழுந்தா, கீச், பல்லை நானா பொறுக்கறது?" மங்களூர் நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்துக்கு அவர்தான் காவல்.

மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். எதிர்ப்படகுக்குக் கேட்கப் பழகிய தொண்டை, நாலு சுவருக்குள் அடங்குமா? நிற்கிற இடம் எப்போதும் ஒன்றுதான்: இடுப்பளவுத் தண்ணீர் முடிந்து தரை சரியும் இடம். கையில் நீளக் கம்பு, தோளில் சிவப்பு மிதவை. கூச்சல் போடுகிறவர்கள் பக்கம் திரும்பவே மாட்டார். "கத்தறவகிட்ட மூச்சிருக்கு. சத்தமே போடாதவளத்தான் பாக்கணும்."

போன வாரம் ஒரு டாக்டரம்மா புகார் கொடுத்தார். "இனி யாரையாவது ஒரு வார்த்தை திட்டினாலும் வேலை போயிடும், சுமித்ரா" என்றார் மேலாளர் பிரபு. அன்றே மரியாதை வாரம் தொடங்கியது. "மேடம், தயவுசெஞ்சு ஓடாதீங்க மேடம்." பல்வலியோடு தாலாட்டுப் பாடுவது போல இருக்கும். தினமும் நீந்த வருகிற நான் அதே குரலில் பேசிக்காட்ட, குளமே சிரித்தது.

"சிரிங்கடீ... சிரிங்க மேடம். நேத்து வீட்ல என் புருசனையே மேடம்னு கூப்ட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை, புதிதாக நீச்சல் பழக வந்த வங்கிக்காரி ஃப்ளேவியாவுக்குச் சரிவில் கால் நழுவியது. சத்தமே இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் திறந்து திறந்து மூடியது. கைகள் ஏணி ஏறுவது போலத் தண்ணீரை அமுக்கின.

நீளமாக விசிலடித்துவிட்டு அக்கா கம்பை நீட்டினார். "மேடம், கம்பைப் பிடிங்க மேடம்!" தோளில் இடித்தும் ஃப்ளேவியாவுக்குத் தெரியவில்லை. அக்கா குதித்தார். பின்பக்கமாகத்தான் போனார், அதற்குள் ஃப்ளேவியா திரும்பி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அக்கா வேண்டுமென்றே மூழ்கினார். மூச்சுக்குத் தவிக்கிறவர் மேலே வரத்தான் பார்ப்பார், கீழே போகிறதைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார். பிடி விட்டது. முதுகுப் பக்கம் எழும்பி, இரு கக்கத்திலும் கை கொடுத்து, இருவருக்கும் நடுவில் மிதவையைச் செருகினார். உதை மட்டும் நிற்கவில்லை. மிதவை நழுவியது.

விசில் கேட்டு ஓடிவந்த பிரபு கரையில் நின்றார். அக்கா அவரை ஒருமுறை பார்த்தார்.

"ஏய் ஃப்ளேவியா! வலையில மாட்டுன சுறாவாடீ நீ, இப்படி வாலை அடிக்கிறே? மல்லாந்து படுடீ!"

"யாரை... டீங்கறே?" என்று சீறினார் ஃப்ளேவியா.

உதை நின்றது. உடம்பு மிதந்தது.

கரையேற்றி, மூச்சைப் பார்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, துண்டு போர்த்தினார். ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தேன். இருமல் அடங்கியதும், "பயந்தவளுக்குக் காது கேக்காது. மானம் போச்சுன்னா ஒடனே கேக்கும்" என்று தரையைப் பார்த்து முணுமுணுத்தார் அக்கா.

பிரபு குனிந்தார். "மேடம், இவங்க உங்களைத் திட்டினாங்களா?"

ஃப்ளேவியா ஒரு கண்ணைத் திறந்தார். "சுறான்னாங்க. எங்க வீட்டுக்காரர் எருமைன்னுதான் சொல்லுவார்."

பிரபு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வாசலுக்குப் போனார்.

அக்கா ஃப்ளேவியாவின் அவிழ்ந்த கூந்தலை இரு கையாலும் பிடித்து, ஈரப் போர்வையைப் பிழிவது போல முறுக்கினார். "ஆ, வலிக்குது!" என்றதும் முறுக்கைத் தளர்த்தி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிழியத் தொடங்கினார்.