எழுந்திருக்க முடியாத நாற்காலி

நீதிபதி எழுந்தால்தான் அவள் எழலாம். இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சுக்காரம்மாவுக்கு அது ஒரு சிரமமாகவே தெரிந்ததில்லை. சாட்சி சொல்வதை ஒரு சொல் சிந்தாமல் பதிவு செய்கிற கை அவளுடையது. ஆனால் ஐம்பத்து மூன்று வயதில், காலைக்கு ஒரு பிரஷர் மாத்திரையும், சில நாளில் இரவுக்கு ஒரு கொழுப்பு மாத்திரையும் வந்து சேர்ந்த பிறகு, பதினொரு மணியானாலே அடிவயிறு முட்டத் தொடங்கியது. கால்மேல் கால் மாற்றிப் போடுவாள். கடிகாரத்தைப் பார்ப்பாள். நாற்காலியிலிருந்து கழிவறைக்கு நாற்பத்தோரு அடி, எண்ணி வைத்திருந்தாள்.

யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றிவிடுவார்கள். முதுகுவலி என்று சொன்ன ஒருத்தி அங்கேதான் இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாக வந்தது கொழுப்பு மாத்திரைதானே என்று சந்தேகம் அதன்மேல் விழுந்தது. டாக்டரிடம் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினாள். முட்டல் நின்றபாடில்லை. தண்ணீரைக் குறைத்தாள், நாக்கு வறண்டதுதான் மிச்சம். அப்போது சளி பிடித்தது. கடையில் வாங்கிய சளி மாத்திரையைப் போட்டுக்கொண்ட அன்று, அடிவயிறு மதியம்வரை மூச்சுவிடவில்லை. சளி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. மூக்கு ஒழுகாத ஆளுக்கு எதற்கு இத்தனை அட்டை என்று கணவர் கேட்டார். அவள் அட்டைகளைக் கைப்பைக்குள் தள்ளினாள், அவர் செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

மூன்றாவது வாரம், குறுக்கு விசாரணை முடிந்து கழிவறைக்கு ஓடியவளுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோனது. மாலைக்குள் வயிறு கல்லாகிவிட்டது.

மருத்துவமனையில் குழாய் போட்டு வடித்த பிறகுதான் மூச்சு வந்தது. எதிரில் உட்கார்ந்த பெண் மருத்துவர், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"பிரஷருக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு. அவ்வளவுதான் டாக்டர்."

சொன்ன கணமே அவள் காது அவளைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருடத்தில், 'அவ்வளவுதான்' என்று சொன்ன எந்தச் சாட்சியும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கத்தியோ, கடிதமோ, மச்சினனோ ஒளிந்திருக்கும்.

கைப்பையைத் திறந்து அட்டைகளை மேசைமேல் போட்டாள்.

"இதையும் எழுதிக்குங்க. கொழுப்பு மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. அதையும் எழுதிக்குங்க."

மருத்துவர் திட்டவில்லை. பிரஷர் மாத்திரையில்தான் சிறுநீரை அதிகமாக இறக்கும் மருந்து கலந்திருக்கிறது, முட்டல் அதனால்தான் என்றார். சளி மாத்திரை சிறுநீர்ப்பையின் தசையைச் சோரவைத்து, நீரை உள்ளேயே தேக்கிவிட்டதாம். பழியைச் சுமந்த கொழுப்பு மாத்திரையின்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. கொழுப்பு ஏறினால் இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் மட்டுமல்ல, சிறுநீர்ப்பைக்குப் போவதும் குறுகலாம். அதனால் இன்றே மறுபடி தொடங்கச் சொன்னார். பிரஷர் மாத்திரையை மாற்றினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போயே ஆகவேண்டும், அடக்கவே கூடாது என்று முடித்தார்.

திங்கட்கிழமை, பதினொன்றே கால். சாட்சி பாதி வாக்கியத்தில் இருந்தார். அவள் விரல்கள் நின்றன. தட்டல் சத்தம் ஓய்ந்ததும் நீதிமன்றம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. கோப்பறைத் தூசி இப்போதே மூக்கில் ஏறுவதுபோல் இருந்தது.

"ஐயா, அஞ்சு நிமிஷம் வேணும். உடம்புக்கு."

தலை முழுக்க நரைத்த நீதிபதி, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பத்து நிமிஷமா எடுத்துக்கலாம்" என்றவர், அவள் நாற்காலியைத் தள்ளுவதற்குள் எழுந்து, தன் பக்கத்துக் கழிவறைக் கதவை நோக்கி வேகமாக நடந்தார்.