பீஸ் கொண்டு வந்த சிஸ்டர்

நூர்ஜகான் சிஸ்டர் சொன்ன நாளில் வராமல் இருந்ததே இல்லை. அதனால்தான் போன் செய்தேன். அவர் மகள் எடுத்தாள். “அம்மா இன்னிக்கு வெடியால தவறிட்டாங்க. நெஞ்சு வலிங்க. நீங்க யாருங்க?” என்றாள். “பீஸ் வாங்கற ஊடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். கணவரின் வலி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் இருந்தது.

அவரை உங்களில் பலர் அறிவீர்கள். புற்றுநோய் முற்றியவர்களை வீடு தேடிவந்து பார்த்து, வலி தணிக்கும் நர்ஸ். என் கணவருக்கு நுரையீரலில் வந்த நோய் எலும்புக்குப் பரவி, ஆஸ்பத்திரியில் இனி வைத்தியம் இல்லை என்று அனுப்பிவிட்ட பிறகு எங்களுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

முதல் முறை புற்றுநோய் சேவை என்று பெரிதாகப் பெயர் எழுதிய வேனில் வந்தார். வாசலிலேயே மறித்தேன். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். விஷயம் தெரிந்தால் ஒரு ஜாதகமும் வராது. சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறை ஸ்கூட்டரில் ஒரு பனியன் மூட்டையோடு வந்தார். எங்கள் ஊரில் பனியன் கம்பெனிகள் நூல் பிசிறு வெட்டித்தர வீடுகளுக்கு அனுப்பும் துணிக்குத்தான் பீஸ் என்று பெயர். “எல்லா ஊட்டுக்கும் பிசிறு வெட்ட பீஸ் வருது கண்ணு. உங்கூட்டுக்கும் வந்துட்டுப் போகட்டும்” என்றார். பனியன்களுக்கு அடியில் வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரை இருந்தது.

அதைக் கடைசி நேரத்தில்தான் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் கணவர் வாயைத் திறக்கவே மறுத்தார். “இது சாகறதுக்கு இல்லீங்க, தூங்கறதுக்கு. வலி வந்தப்பறம் தேடாதீங்க, நேரத்துக்குப் போட்டுக்கோங்க” என்றார் சிஸ்டர். அந்த மாத்திரை மலச்சிக்கல் தரும் என்பதால், அதன்பின் எப்போது வந்தாலும் முதல் கேள்வி, “வெளிக்குப் போனீங்களா?” என்பதுதான். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். “பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படறீங்களே!” என்று சிஸ்டர் கிண்டல் செய்வார். மாத்திரை போட ஆரம்பித்த வாரமே இவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

சிஸ்டரின் மய்யித்தைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப்போன பிறகு, அவர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். சிஸ்டரோடு வேலை பார்த்த ஓர் இளம் நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சிஸ்டர் பாத்துட்டு இருந்த பேஷண்ட் ஊட்டுக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா? பாதி விலாசம் தப்பா இருக்குதுங்க. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறாங்க.” நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். நானே அவிநாசியில் இருக்கும் தம்பி வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

சிஸ்டரின் மகள் என் பக்கத்தில் இருந்த அம்மாவை யாரென்று விசாரித்தாள். “எங்கூட்டுக்குப் பீஸ் கொண்டு வருவாங்க” என்றார் அவர். அடுத்திருந்தவரும் அதையே சொன்னார். மகள் குழம்பிப்போய், “அம்மா எப்பங்க பீஸ் எடுத்தாங்க?” என்றாள்.

பக்கத்து அம்மாவின் கையைப் பிடித்தேன். “எங்கூட்டுக்காரருக்குக் கேன்சருங்க” என்றேன். “எம்பையனுக்குங்க” என்றார் அவர்.

அன்று வராத வீடுகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மாத்திரை தீர்ந்துபோய், ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறதா என்று யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். அது உங்கள் வீடாக இருந்தால், தயவுசெய்து அந்த இளம் நர்ஸைக் கூப்பிடுங்கள். இனி மூட்டை வராது.

சிஸ்டர் கடைசியாக விட்டுப்போன மூட்டைத்துணியை மடித்து வைத்திருக்கிறேன். நேற்று அந்த இளம் நர்ஸ் போனில், “வேன எங்கீங்க நிறுத்தட்டும்? தெரு முக்குலயா?” என்று கேட்டாள். எதிர்வீட்டு வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். என் மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

“எங்கூட்டு வாசல்லயே நிறுத்துங்க” என்றாள்.