அமானிதம் என்றொரு செடி

ஷரீபுன்னிசா அம்மா நெய்ச்சோறு ஆக்கும் நாளில் எங்கள் தெருவில் வேறு யாருடைய சமையலும் எடுபடாது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் அவர். கணவர் காஜா நஜ்முதீனுக்கு ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. மாடியில் அவர் ஒருவர்தான். ஆனால் சோறு வேகும்போது தெருவே மாடியில் குடியிருப்பதுபோல் எல்லா மூக்கும் அண்ணாந்து நிற்கும். அதில் அப்படி என்ன போடுகிறீர்கள் என்று கேட்காத பெண் இல்லை.

"நெய், சோறு. பேர்லயே இருக்கேம்மா" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவருடைய நகைகள் வங்கியில் இருந்தன. இந்த ரகசியத்தை எந்த வங்கியையும் நம்பி அவர் வைக்கவில்லை.

மாடி வீட்டை ஒட்டி, எங்கள் கூடத்துக்கு மேலே இருந்த மொட்டை மாடி முழுக்க அவருடைய தோட்டம். தொட்டி என்று கடையில் வாங்கியது ஒன்றும் கிடையாது. அடி ஓட்டையான பிரியாணி தேக்சாவில் புதினா, பால் பவுடர் டின்களில் கற்பூரவல்லி, யாரோ வீட்டை இடித்தபோது தூக்கி வந்த வாஷ்பேசினில் பொன்னாங்கண்ணி. என் அப்பாவின் பழைய ஹெல்மெட்டில் பத்துமணிப்பூ. ஹெல்மெட்டை அடையாளம் கண்டுகொண்ட அப்பா முறைத்தார்.

"உங்க தலையில இருந்தப்ப இவ்வளவு பூத்துச்சா அண்ணே?" என்று கேட்டார் ஷரீபுன்னிசா அம்மா. அப்பாவுக்கு முழு வழுக்கை.

அப்பா இளையபெருமாள் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, சொட்டு சரியாக அவர் படுக்கும் இடமாகப் பார்த்து விழுந்தது. அதனால் இந்தப் புரட்டாசி பிறந்ததுமே மாடிப்படியில் நின்று உத்தரவு போட்டார்.

"ஐப்பசி பொறக்குறதுக்குள்ள மாடி காலியாவணும். தட்டோடு பதிக்கப் போறேன். ஒரு டின்னு இருந்தாலும் கொத்தனாரு எடுத்து வாய்க்கால்ல வீசிருவாரு."

"என்னையும் சேத்தா அண்ணே?"

"நீங்க வாடகை குடுக்குறீங்க. டின்னு குடுக்குதா?"

மழைக்கு முன்னால் தோட்டத்தைச் சரிசெய்வது ஷரீபுன்னிசா அம்மாவுக்கு வருஷா வருஷம் உள்ள வேலைதான். அந்த நாட்களில் அவர் விடுதிக் காப்பாளர்போல ஆகிவிடுவார். மருதாணியை இடுப்பளவுக்கு வெட்டி, "காத்து வரப்போவுது, எதுக்குடி உனக்கு இவ்வளவு முடி?" என்பார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி டின்களின் அடியில் துளைகளைப் பெரிதாக்குவார். கெட்டிப்பட்ட பழைய மண்ணைச் சாக்கில் கொட்டிக் காயவைத்து, ஆற்று மணலும் கருகிய உமியும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து மறுபடி நிரப்புவார். சும்மா இருக்கும் டப்பாக்களைக் கவிழ்த்து வைப்பார். கொசுப் புழு பார்க்க வரும் சுகாதாரத்துறை ஆட்கள் டார்ச் அடித்துத் தேடி ஏமாந்து போவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

இந்த வருஷம் இவ்வளவும் செய்து முடித்தபின் எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் கேள்வி. அவர் தெருவில் இறங்கினார். டீச்சர் மஹ்பூபாவிடம், "உங்க வாசல் மொட்டையா கெடக்கு, பாக்கவே மனசு கேக்கல" என்று வாஷ்பேசினை இறக்கினார். சைக்கிள் கடைக்காரரிடம் கற்பூரவல்லி இருந்தால் கொசு வராது என்று சொல்லி டின்களை அடுக்கினார். எல்லாருமே தங்களுக்குச் செடி பரிசு வந்ததாக நினைத்துக்கொண்டார்கள். பரிசு என்று அவர் சொல்லவில்லை. பரிசு இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், ஒரு நீல வாளியில் இருந்த செடி. பூ கிடையாது. கத்தி கத்தியாக நீண்ட பச்சை இலைகள். அதைத்தான் நாகூர் நாத்தனார் வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து, தெருவுக்குத் தெரியாமல் பச்சையாகவே நெய்யில் தாளித்துக்கொண்டிருந்தார். மழையில் வேர் அழுகினாலும் போச்சு, இன்னதென்று யாருக்காவது தெரிந்தாலும் போச்சு. யோசித்து யோசித்து, திருட்டு நகையைப் போலீஸ்காரர் வீட்டிலேயே வைப்பதுபோல, வாளியை எங்கள் வீட்டு போர்டிகோவுக்கே கொண்டுவந்தார். உத்தரவு போட்டவர் வீடு. யாருக்குச் சந்தேகம் வரும்?

"அஞ்சுகம்மா, இது அமானிதம். மழை முடியிறவரைக்கும் உங்க கையில இருக்கட்டும். பத்திரம்" என்றார் அம்மாவிடம்.

"எதுக்குக்கா ஆவும் இது?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது. சும்மா கண்ணுக்குப் பச்சையா இருக்கும்."

அமானிதம் என்றால் ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது அப்படியே திருப்பித் தரவேண்டும். முஸ்லிம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் சொல். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அம்மா அதைச் செடியின் பெயர் என்று எடுத்துக்கொண்டாள்.

"அமானிதம்" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பார்த்தாள். "பேரக் கேட்டாலே நாட்டு மருந்துக் கடை மாதிரி இல்ல? சக்கரைக்கு நல்லதா இருக்கும்."

"ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு சொன்னாங்கன்னியே" என்றார் அப்பா. சர்க்கரை அவருக்குத்தான்.

"சொல்லுவாங்க. ஹெல்மெட்ட கூட உபயோகமாக்குன பொம்பள, ஒண்ணுத்துக்கும் ஆவாத செடிய வாளியில வச்சு வளப்பாங்களா?"

மறுநாள் காலையில் இரண்டு இலை நறுக்கித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டாள். ஆவி எழுந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். குனிந்து ஒருமுறை மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தாள். பிறகு "ஓ" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஓ"வுக்கு விளக்கம் யாருக்கும் தரவில்லை. வடிகட்டி அப்பாவிடம் நீட்டினாள்.

"கசக்கவே இல்லையே, இது என்னா மருந்து?"

"கசக்காத மருந்து. குடிங்க."

மாடியில் கொத்தனார் தட்டோடு பதித்துக்கொண்டிருந்தார். வாசனை படியேறி மேலே போனது. சற்று நேரத்தில் ஷரீபுன்னிசா அம்மா படியிறங்கி வந்தார். பாதிப் படியிலேயே மூக்கு முன்னால் வந்துவிட்டது.

"என்ன அஞ்சுகம்மா, சமையலு இந்நேரத்துக்கே?"

"சமையல் இல்லக்கா, கஷாயம். நீங்க குடுத்த அமானிதம்தான்."

ஷரீபுன்னிசா அம்மா அடுப்பை எட்டிப் பார்த்தார். அது செடியின் பெயரே இல்லை என்று சொன்னால், அடுத்த கேள்வி அதன் பெயர் என்ன என்று வரும். வேகவைக்காதே என்றால், ஏன் என்று வரும். இரண்டு வழியும் நெய்ச்சோற்றில்தான் போய் முடியும்.

"அதக் குடிக்கக் கூடாதே" என்றார் கடைசியில்.

"ஏன்க்கா?"

"முடி கொட்டும்."

அம்மா திரும்பி, கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். "இனிமேயா?"

"கனவா வரும். கெட்ட கெட்ட கனவா."

"வரட்டும்க்கா. இப்ப கொறட்டைதான் வருது."

மழை பிடித்துக்கொண்டது. மழையோடு அமானிதத்தின் புகழும் ஊறியது. அம்மா வேண்டுமென்றே தெருவில் ஒன்றிரண்டு பேர் காதில் போட்டுவைக்க, குடை பிடித்துக்கொண்டு இலை கேட்டு வந்தார்கள். மூட்டு வலிக்கு என்றார்கள், நெஞ்சு சளிக்கு என்றார்கள். சைக்கிள் கடைக்காரர் நேரே ஷரீபுன்னிசா அம்மாவிடமே போய், "அக்கா, அமானிதம் எல ஒண்ணு அவங்ககிட்ட சொல்லி வாங்கிக் குடுங்களேன், என்னைய கண்டா நறுக்கி நறுக்கிக் குடுக்குறாங்க" என்று சிபாரிசு கேட்டார். தன் செடிக்குத் தானே சிபாரிசு செய்யும் நிலை அவருக்கு. தினமும் துணி காயப்போடும் சாக்கில் படியில் நின்று, வாளியில் இலை குறைவதைப் பார்த்துவிட்டுப் போனார். துணி ஒன்றும் காயவில்லை.

மழை ஓய்ந்திருந்த ஒரு நாள், தட்டோட்டு இடுக்கில் பூச ஏதோ பசை வாங்க நூகு பாயின் பெயிண்டுக் கடைக்கு அப்பாவோடு போயிருந்தேன். அப்பா அங்கே நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"உடம்பு காத்து மாதிரி இருக்கு நூகு பாய். எல்லாம் எங்க மாடி ஷரீபுன்னிசாம்மா குடுத்த அமானிதம்தான். தெனம் வெறும் வயித்துல குடிக்கிறேன்."

பசை வாளியை எடுக்கக் கை நீட்டிய நூகு பாய் திரும்பிப் பார்த்தார். "என்னத்தக் குடிக்கிறீங்க?"

"அமானிதத்த."

"அமானிதத்தையா?"

"ஆமா. வேக வச்சு."

"யா அல்லா, வேக வேற வச்சீங்களா! சார், அமானிதத்துல கை வச்சா மறுமையில கேள்வி இருக்கு சார்."

அப்பா வயிற்றில் கை வைத்துக்கொண்டார். "அவ்வளவு சைடு எஃபெக்டா?"

நூகு பாய் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நிதானமாகச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். அலுவலகப் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தார். "அடுத்தவங்க பொருளக் காச்சிக் குடிக்க வச்சிட்டியேடி!"

"ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு அவங்களேதான் சொன்னாங்க" என்றாள் அம்மா. "ஆவாதத எடுத்தா அது திருட்டா?"

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனார், பின்னாலேயே நானும். ஷரீபுன்னிசா அம்மா கதவைத் திறந்ததும், வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சிருங்கம்மா. தெரியாமப் போச்சு. மாடி ஒழுகல. உங்க தோட்டத்த மேலயே வச்சுக்குங்க. அடியில செங்கல் குடுத்துத் தூக்கி வைங்க, தண்ணி ஓடட்டும். அவ்வளவுதான்."

கெஞ்சினாலும் கிடைக்காத மாடி தானாக நடந்து வந்தது. ஷரீபுன்னிசா அம்மா கண்ணில் முந்தானையை ஒற்றிக்கொண்டார். அதில் ஈரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் அவர் தெருவில் போய்ப் பரிசுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். மஹ்பூபா டீச்சர் வாஷ்பேசினைத் தர மனமில்லாமல் வாசல்வரை பின்னாலேயே வந்தார். கடைசியாக எங்கள் போர்டிகோ.

நீல வாளியில் செடி இருந்தது. கீழ் இலைகள் போய், நடுக் குருத்தோடு, அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டதுபோல நின்றது. பக்கத்தில், பசை வந்த வெள்ளை வாளிகளில் மூன்று இளஞ்செடிகள். அடியில் முளைத்த கன்றுகளை அம்மா பிரித்து நட்டிருந்தாள்.

"ஒண்ணு குடுத்தீங்க. ஒண்ணு எடுத்துக்குங்க. அமானிதம் சரியாப் போச்சாக்கா?"

"தாய் என்னுதுன்னா பிள்ளைங்க யாருது?"

"எங்க வீட்டுத் தண்ணியில பொறந்ததுக்கா. சான்றிதழ் வாங்குனா எங்க விலாசம்தான் போடுவாங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே விலாசந்தானே!"

"நீங்க மேல் வீடு, நாங்க கீழ் வீடு."

ஷரீபுன்னிசா அம்மா வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "அது பேரு அமானிதம் இல்ல. ரம்பை எல" என்றார்.

"பேருதான் தெரியாது. என்னான்னு மொத கொதியிலயே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சேதான் அண்ணனுக்குக் குடுத்தீங்களா?"

"வாசமா இருந்துச்சு. அவரும் குடிச்சாரு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணுக்கா. சோத்துல போட்டுப் பாத்துட்டேன். வாசம் வருது, உங்க பக்குவம் வரல. என்னா பண்ணணும்?"

ஷரீபுன்னிசா அம்மா வாளியைக் கீழே வைத்தார். படியில் உட்கார்ந்தார். முகம் மார்க்கம் சொல்பவர் முகம்போல அமைதியாக ஆயிற்று.

"பிரிஞ்சி எலைய பச்சையாவா போடுறோம்?"

"காயவச்சது."

"அதே மாதிரிதான். ரம்பையையும் நல்லா காயவைக்கணும். கையில எடுத்தா நொறுங்கணும். சோறு எறக்குனதுக்கு அப்புறம் பொடிச்சு மேல தூவணும்."

"அட! இதுக்குத்தானா இவ்வளவு?"

"இதுதான்மா. வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

மறுநாளே மறுபடி மழை. வெயிலுக்கு எங்கே போவது? அம்மா இலைகளை மின்விசிறிக்கு அடியில் வைத்தாள், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சொருகினாள், இன்வெர்ட்டர்மேல் பரப்பினாள். அப்பா இரண்டுமுறை அதை எடுத்து வெளியே போடப் போய், யாருடைய அமானிதமோ என்று பயந்து திரும்ப வைத்தார். ஒருவழியாக இலை காய்ந்து நொறுங்கியது. ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறு. பொடித்துத் தூவினாள்.

அப்பா ஒரு வாய் வைத்தார். "வைக்கோலு வாசம் வருது" என்றார்.

அம்மா அவரைப் பொருட்படுத்தாமல் ஒரு தட்டில் போட்டு மாடிக்கு எடுத்துப் போனாள்; நானும் கூடப் போனேன். ஷரீபுன்னிசா அம்மா தட்டை வாங்கி, பிஸ்மி சொல்லி, எங்கள் கண் முன்னாலேயே ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"மாஷா அல்லா" என்றார். "அப்படியே என் கை பக்குவம்."

படியிறங்கும்போது அம்மா யோசனையாக இருந்தாள். கீழே வந்து இன்னும் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றாள்.

"அடுத்த தடவ இன்னும் ரெண்டு நாளு கூடக் காயவிடணும்" என்றாள்.