காட்டுப் புகையிலை, புகையிலை அல்ல

1. போனில் வந்த இலை

முதல் வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. போன் அடித்தது. குன்னூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் டாக்டர். என் பழைய மாணவி ஒருத்தியின் கணவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. அந்தோணின்னு ஒரு எஸ்டேட் வாட்ச்மேன். விடியக்காலைல இருந்து ஒரே வாந்தி, இப்ப ஃபிட்ஸ் வருது. அவரோட வெத்தலைப் பையில இந்தத் தூள் இருந்துச்சு. புகையிலைன்னு சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல."

ஊட்டியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயரிட்டு வைக்கும் ஹெர்பேரியம் அறையும் என் பொறுப்பு. போட்டோவைக் காட்டிப் பெயர் கேட்பவர்கள்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். அன்றைக்கு வந்த படத்திலோ நொறுங்கிய பழுப்பு இலையைத் தவிர ஒன்றுமில்லை. "தூளையே அனுப்புங்க, இதைப் பார்த்து கடவுளாலகூடச் சொல்ல முடியாது" என்றேன்.

ஊட்டிக்கு வந்த ஒரு ஆம்புலன்சில் பொட்டலம் வந்தது. கொட்டிப் பார்த்தேன். அதிர்ஷ்டம் என்று சொல்ல நா கூசுகிறது, ஆனாலும் இலையோடு இலையாக ஒரு காய்ந்த மொட்டு கிடந்தது. காய்ந்த பூவை வெந்நீரில் கொதிக்கவிட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். ஊசியால் பிரித்து லென்சுக்கு அடியில் வைத்தேன்.

புகையிலை கத்தரிக்காய்க் குடும்பம். அதில் ஐந்து மகரந்தப் பைகளும் தனித்தனியாக நிற்கும். சூலகம் இதழ்களுக்கு மேலே, பூவுக்குள் இருக்கும். என் முன்னால் இருந்த மொட்டில் ஐந்து பைகளும் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக இருந்தன. சூலகம் இதழ்களுக்குக் கீழே, காம்போடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது. இது கம்பானுலேசி, மணிப்பூக் குடும்பம். மலர்க் கண்காட்சித் தொட்டிகளில் ஊதா மணியாகத் தொங்குகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். இதன் பிள்ளைகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளைப் பூ விடும் ஒன்று நம் மலைச் சரிவுகளில் உண்டு. லொபீலியா. கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். கடும் விஷம், மாடுகூட வாய் வைக்காது. ஊரில் அதற்குப் பெயர் காட்டுப் புகையிலை.

இந்தப் பெயர்மேல் எனக்குப் பல வருடக் கோபம். இலை நீளமாக, அகலமாக, புகையிலை ஜாடையில் இருக்கிறது என்று யாரோ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இறந்துட்டாரு மேடம், இப்பத்தான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க முன்னாடியே சொல்லியிருந்தாலும் இதே ட்ரீட்மெண்ட்தான் குடுத்திருப்பேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

மொட்டு கண்ணாடித் தகட்டிலேயே கிடந்தது. அதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பிறகு அடுத்த வகுப்புக்குப் போனேன்.

2. அந்தோணியின் மகள்

அடக்கம் முடிந்த மறு வாரம் பெர்ன்ஹில்லில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பெயர் ஜெனிட்டா. ஜெகதளா பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீசில் வேலை. அந்தோணியின் ஒரே மகள். அம்மா முன்பே இறந்துவிட்டாராம். டாக்டர்தான் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்.

டீயைக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், அந்த எலைய எங்கப்பா தெரிஞ்சு தின்னாருங்களா, தெரியாம தின்னாருங்களா?"

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

"நான் ஒருத்தரக் கட்டிக்கிறேன்னு சொன்னனுங்க. அப்பாவுக்குப் புடிக்கல. அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் கத்திக்கிட்டோம். 'எங்காச்சும் போய்ச் சாவு'ன்னு சொல்லிப்போட்டனுங்க. விடிஞ்சா இப்படி ஆயிருச்சு. எஸ்டேட் லைன் வீட்டுல அத்தன பேரும் பொண்ணு பண்ணுன கூத்துலதான் மருந்தத் தின்னுட்டாருன்னு சொல்றாங்க. கோயில்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க."

அவள் அழவில்லை, அழுது தீர்த்துவிட்டு வந்தவள் போலத் தெரிந்தது. என்ன செடி என்று கேட்டால் சொல்வேன், ஏன் தின்றார் என்று கேட்டால் தாவரவியலில் பதில் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல முடியவில்லை.

"அவர் எங்கே பறிச்சார்னு தெரியுமா?"

"வாட்ச்மேன் ஷெட்டுக்கு மேல நெறய நிக்குதுங்க."

"வா, போய்ப் பார்ப்போம்."

3. வடுக்கள்

மழை இல்லாத மாதம். உறைபனியில் புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. ஷெட்டுக்கு மேலே சரிவில் காட்டுப் புகையிலை ஏழெட்டுச் செடி நின்றது. உச்சியில் வெள்ளைப் பூக்கதிர். கீழே மாற்றி மாற்றி அமைந்த நீள இலைகள். அவற்றில் மூன்று செடிகளில் மட்டும் அடித்தண்டு மொட்டையாக இருந்தது. யாரோ கீழிருந்து மேலாக, பழுத்த இலையாகப் பார்த்துப் பறித்திருந்தார்கள். புகையிலையை அப்படித்தான் பறிப்பார்கள்.

உட்கார்ந்து லென்சை எடுத்தேன். இந்தக் குடும்பத்துச் செடியில் இலையைப் பறித்தால் அந்த இடத்தில் பால் வந்து உறைந்து காயத்தை மூடும். நாளாக நாளாக அது கறுக்கும், அடியில் தண்டு மரத்துப்போகும். மேலே இருந்த வடுக்களில் உறைந்த பால் இன்னும் வெளிறிய மஞ்சளாகப் பளபளத்தது. அதற்குக் கீழே பழுப்பு. எல்லாவற்றுக்கும் கீழே இருந்தவை கன்னங்கரேலென்று காய்ந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தன.

"ஜெனிட்டா, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டேன். "இதெல்லாம் ஒரே நாள்ல பறிச்சது இல்ல. அடியில இருக்கிறது உங்க சண்டைக்கு ரொம்ப நாள் முந்தினது. சாகணும்னு நினைக்கிறவர் பழுத்த இலையாப் பார்த்துப் பறிச்சு, காயவெச்சு, பையில போட்டு வெச்சுக்க மாட்டார். புகையிலைன்னு நினைச்சுத்தான் உங்கப்பா போட்டிருக்கார். கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போயிருக்கார். இதுக்கு முன்னாடி தலை சுத்துது, வயித்தைப் புரட்டுதுன்னு சொன்னாரா?"

"சொன்னாருங்க. பித்தம்னு நெனச்சோம்."

"அவ்வளவுதான். உன் சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அந்தக் கரிய வடுவை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட எட்டிப் பார்த்தது. இத்தனை வருடம் பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுத்த பால் ஒருநாள் ஒரு பெண்ணுக்கு உதவியாக வந்து நின்றதே என்று.

"அடியில இருக்கறது எத்தன நாள் இருக்குமுங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஒரு மாசம். கூடவும் இருக்கலாம்."

வடுவிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். பிறகு செடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவருக்கு வாய்ல புண்ணு இருந்துச்சுங்க. ஆறவே இல்ல. கேன்சர் கீன்சர் ஆயிருமோன்னு பயந்துக்கிட்டு ஊட்ல இருந்த பொகயில அத்தனையும் நாந்தானுங்க அடுப்புல போட்டேன். கடைக்காரர்கிட்டயும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லி வெச்சேன். அது நடந்து ஒரு மாசம் இருக்குமுங்க."

"அது தப்பில்லம்மா. நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றேன். உண்மையும் அதுதான். தலையை ஆட்டினாள். புரியாத பாடத்துக்கு மாணவர்கள் தலையாட்டுவதை நிறையப் பார்த்தவள் நான்.

பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். "லைன்ல இருக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லட்டுங்க?" என்று கேட்டாள். தெரியாமல் தின்றுவிட்டார் என்று சொல்லச் சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்று பஸ் ஏறினாள். இன்றுவரை அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

ஹெர்பேரியம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்டதை மாற்றிச் சொல்லாதீர்கள். இன்னொரு முறை யாராவது என்னை அந்தச் சரிவுக்குக் கூட்டிப்போனாலும் அந்த வடுக்களை அப்படியேதான் படித்துச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தோடு சொல்ல மாட்டேன்.