குதிரைக்காரருக்கு நேர்ந்த தேங்காய்

டென்மார்க்கில் நாங்கள் இருந்த சிறு நகரத்தின் சதுக்கத்தில் ஒரு குதிரைச் சிலை உண்டு. குதிரையில் இருப்பவர் அந்த ஊரில் பிறந்து, கடல் கடந்து போய், வேறொரு நாட்டின் விடுதலைப் போரில் தளபதியானவராம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். பீடத்தில் எழுதியிருந்ததில் அவ்வளவுதான் மனதில் நின்றது. அம்மாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. வாளோடு குதிரையில் இருந்தால் அவர் ஐயனார்தான். பஸ் ஏற வரும்போதெல்லாம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். யாரும் பார்க்கிறார்களா என்று பதறுவது என் வேலை.

போர் முடிந்த வைகாசி அது. அம்மாவின் அண்ணனும் அப்பாவின் தம்பியும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. மாமாவின் குரல் கேட்டால் தேங்காய் உடைப்பதாக அம்மா குதிரைக்காரருக்கு நேர்த்தி வைத்தார்.

“இஞ்சேரும், அது சாமியில்லை, பட்டாளத்தான்,” என்று அப்பா சிரித்தார்.

“இருக்கட்டுமப்பா. சண்டைக்குள்ளை ஆர் எங்கை நிக்கினமெண்டு பட்டாளத்தானுக்குத்தானே தெரியும்.”

ஒரு பின்னேரம் முகாமிலிருந்து மாமா தொலைபேசியில் பேசினார். ஏன் இவ்வளவு நாள் பேசவில்லை என்று அம்மா அழுதபடியே அவரை ஏசினார்.

மறுநாள் காலை அப்பா கடையில் தேங்காய் வாங்கிவர, மூவரும் சதுக்கத்துக்குப் போனோம். பொலிஸ் வந்தால் எங்களை நாட்டைவிட்டே அனுப்பிவிடும் என்று நான் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா உடைத்த தேங்காய் சிதறி, தண்ணீர் அப்பாவின் சப்பாத்தில் தெறித்தது; புறாக்கள் எழும்பின; சைக்கிளில் வந்த ஒரு டேனிஷ் மூதாட்டி இறங்கி, என்ன நடக்கிறது என்று கேட்டார். மாமா உயிரோடு இருக்கிறார் என்றேன், டேனிஷில். அவர் தளபதியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஒரு தேங்காய்ச் சொட்டை வாங்கித் தின்றார்.

சிதறியதையெல்லாம் அப்பாதான் பொறுக்கினார். அவருடைய பையில் இன்னொரு தேங்காய் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். சம்பலுக்குத் தேங்காய் இல்லாத நாளில்கூடத் தொடவிடவில்லை.

“அது கிடக்கட்டும் பிள்ளை.”

ஆடியில் ஒரு காலை எழும்பினால் தேங்காயைக் காணவில்லை. சித்தப்பாவும் ஒரு முகாமில் இருக்கிறாராம், பேசினாராம் என்று அம்மா சொன்னார். அப்பா வெளியே போய்விட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். சப்பாத்து இரண்டும் ஈரம்.

யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். ஆனாலும் எங்கேயோ மழையில் நனைந்துவிட்டாராக்கும் என்று பயந்து, இனிக் குடை கொண்டுபோங்கோ என்றேன். அப்பா ஓம் என்றார்.