தையலோரம் ஒரு வெட்டு

அந்த மூன்று மாடித் துணிக்கடையில் அவளை எல்லோரும் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. சரக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரி மேசை. பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊரார் பேன்ட்டுக்கெல்லாம் உயரம் குறைத்தவள். கறுப்புப் பிடி போட்ட கனமான கத்திரிக்கோல் அவளுடைய சொந்தம். அதை யாராவது காகிதம் வெட்ட எடுத்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அவளுக்கு ஒரு பழக்கம். மனிதர்களின் முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே தையலைப் பார்ப்பாள். பஸ் டிரைவரான கணவரிடம் அவள் முதன்முதலாகப் பேசியதே, "உங்க காலர் கோணலா இருக்கு" என்பதுதான். ரிட்டயராகி, முதுகுவலிக்கு இடுப்பில் பெல்ட்டோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நாலைந்து வருஷத்தில் கடையின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் புதுச் சரக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை இறங்கும். இப்போது வாரா வாரம் லாரி. போன வாரத்துச் சட்டையை ஆறின டீயைப் போலத் தள்ளி வைத்தார்கள். வாங்குகிறவர்களும் நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்லி வருவதில்லை. நாலு தடவை போட்டார்கள், தூக்கி எறிந்தார்கள், அவ்வளவுதான். மிஷின் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற மிஷினுக்குப் பின்னால் ஒருத்தி சம்பளம் வாங்குவது மேனேஜர் கண்ணில் படாமல் இருக்குமா? ஒருநாள் வந்து நின்றார்.

"இதுக்குப் பேரு ஃபாஸ்ட் ஃபேஷன்க்கா. யாரோ ஒரு நடிகை இன்னிக்குப் போட்டத பத்து நாள்ல நாம தொங்க விடணும். அடுத்த பத்து நாள்ல எடுத்துடணும். வேகம்தான் எல்லாம்."

"எடுத்து என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

விற்காதது, திரும்பி வந்தது எல்லாம் இனி அவள் அறைக்கு வரும். ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு வெட்டு. பிறகு கறுப்புப் பைக்குள் திணித்துப் பின்வாசல் குப்பைக்கு. "பொறுக்கறவங்க நம்ம துணிய போட்டுக்கிட்டுத் திரிஞ்சா, கடைக்கு யாருக்கா வருவா?" என்றார். அவளுக்கு அப்போதுதான் அந்த ஃபாஸ்ட் ஃபேஷன் என்ற வார்த்தையின் அர்த்தம் முழுசாக விளங்கியது. புத்தம்புதுத் துணியைக் கிழிக்க ஆள் வைத்துச் சம்பளம் தருகிறார்கள்.

முதல் நாள் கைக்கு வந்தது ஒரு மஞ்சள் கவுன். மூன்று வயசுக் குழந்தைக்கானது, விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. காலரில் இரட்டைத் தையல். எவளோ ஒருத்தி, எங்கேயோ, அத்தனை அவசரத்திலும் கோணாமல் தைத்திருந்தாள். கத்திரியக்கா அதை நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டினாள். அன்றைக்கு மதியம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"விட்டுத் தொலை அந்த வேலைய" என்றார் கணவர்.

"நான் விட்டா இன்னொருத்தி வந்து நெஞ்சுல வெட்டுவா. அதுக்கா விடணும்?"

மறுநாள் வழி கிடைத்தது. வெட்டத்தானே சொன்னார்கள்? அக்குளிலிருந்து அடி விளிம்பு வரை, தையலை ஒட்டியே, நூல் மட்டும் அறுகிற மாதிரி கத்தரித்தாள். தூக்கிப் பிடித்தால் துணி இரண்டாகத் தொங்கும். துணியிலோ ஒரு கீறல் கிடையாது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். கந்தலாய்த் தெரிந்தது. உச்சி குளிர்ந்து போனார்.

பின்வாசலில் குப்பை வண்டி தள்ளும் பெண் முதல் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"தைக்கத் தெரியுமா?" என்றாள் கத்திரியக்கா.

"கோணி தைப்பேன்க்கா."

"அது போதும்."

எட்டு மாசம் ஓடியது. நல்ல குளிர் அடித்த ஒரு காலையில் வண்டிக்காரி நீல நிறக் குளிர் ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு விலாவிலும் சிவப்பு நூலில் பட்டை பட்டையாகத் தையல். வீட்டில் இருந்தது அந்த ஒரு நூல்கண்டுதான். லாரியில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்த மேனேஜர் திரும்பினார்.

"இது எங்க கிடைச்சுது?"

"குப்பையில சார்."

"வெட்டின துணியாச்சே!"

"நானே தைச்சேன் சார்" என்றாள், பெருமை தாங்காமல்.

மேனேஜர் கெட்டிக்காரர். அன்றைய பையைத் தூக்கிக்கொண்டு நேரே அறைக்கு வந்து மேசையில் கொட்டினார். அத்தனையும் தையலோரம்.

"என்னக்கா இது? என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன். எங்க வெட்டணும்னு நீங்க சொல்லவே இல்லியே."

"இப்ப சொல்றேன். நடு நெஞ்சுல. என் கண்ணு முன்னால. முடியாதுன்னா வீட்டுக்குப் போங்க."

அவள் கத்திரிக்கோலை எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதை இன்னொருவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க வெட்டுங்க. நான் பாக்கறேன்."

மேனேஜருக்கு ரோஷம். ஒரு ஜாக்கெட்டை இழுத்துக் கத்திரிக்கோலை வைத்தார். துணி மடிந்து அலகுக்கு நடுவே சிக்கியது. இழுத்தார், முறுக்கினார், நெற்றி வேர்த்தது. கடைசியில் காலர் பக்கம் ஒரு சாண் கிழிந்தது.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். கத்திரிக்கோலை வாங்கித் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அழுகை வந்தது. லிஃப்ட் தாண்டும் வரை அடக்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், கடையின் பின்வாசலுக்கு நேர் எதிரே, சைக்கிள் கடைக்காரர் ஒதுக்கித் தந்த இடத்தில் வீட்டு மிஷினைப் போட்டாள். இடுப்பு பெல்ட்டோடு கணவரே தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அட்டையில் எழுதியதும் அவர்தான், பஸ் போர்டு எழுத்தில்: வெட்டுப்பட்ட துணி தைத்துத் தரப்படும்.

கடையில் வேறு ஆள் வந்தாயிற்று. இப்போது வெட்டு நடு நெஞ்சில். வண்டிக்காரி பையைக் கொண்டுவந்து வைத்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நெஞ்சுலயே வெட்டறாங்கக்கா."

"நெஞ்சுலயே தைப்போம். அந்தச் சிவப்பு நூல எடு."

"நீலம் இருக்கேக்கா. வெளிய தெரியாது."

"தெரியட்டும்."

குளிர்காலம் முடிவதற்குள் அந்தத் தெருவில் கூட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோர் நெஞ்சிலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மேனேஜர் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பார். கத்திரியக்காவும் நிமிர்ந்து பார்ப்பாள். முதலில் அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் காலேஜ் பெண் ஒருத்தி அந்தக் கடையின் பையோடு தெருவைக் கடந்து வந்தாள். உள்ளேயிருந்து புதுச் சட்டை ஒன்றை உருவினாள்.

"ஆன்ட்டி, இதுலயும் அந்தச் சிவப்புக் கோடு போட்டுத் தருவீங்களா? இப்ப இதான் ஃபேஷன்."

கத்திரியக்கா சட்டையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். மடித்துத் திரும்ப அவள் கையிலேயே வைத்தாள்.

"நாலு வருஷம் போட்டுக் கிழி கண்ணு. அப்பறம் எடுத்துட்டு வா, போட்டுத் தரேன்."